சென்னை வெயிலில் கறுப்பு காரின் பெயின்ட்டை எப்படிப் பாதுகாப்பது?

புதிதாகக் கறுப்பு கார் எடுத்திருக்கிறீர்கள். வீடு திருவான்மியூர், திறந்தவெளி பார்க்கிங். பெயின்ட்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கடற்கரை ஓரத்தில்தான் இருக்கிறேன், என்னுடையது கருநீலக் கார். கோட்டிங் நல்லதுதான், ஆனால் அது அப்புறம். முதலில் தினமும் காலையில் கார் துடைப்பதை நிறுத்துங்கள்.

நம் ஊர் அபார்ட்மென்ட்களில் மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வந்து வரிசையாக எல்லாக் காரையும் துடைப்பார். ஒரே வாளி, ஒரே துணி. ராத்திரி படிந்த தூசியில் மணல் இருக்கும், துணி அதைக் கார் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் விழத்தான் செய்கின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்பின் மேல் ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாயங்கால வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல இருக்கும்.

பாலிஷ் போட்டால் போய்விடும் என்பார்கள். போகும். ஆனால் நிறத்தின் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40 - 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சீவி எடுக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்த அடுக்குதான். அது தேய்ந்துபோன பழைய கார்களின் டாப் வெளுத்து உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் துடைக்க வருபவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, கண்ணாடி மட்டும் துடைங்க, பாடி மேல துணி வைக்க வேணாம். சம்பளம் அதேதான்."

அடுத்தது தண்ணீர். தென்சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் கால்சியம், மெக்னீசியம் உப்பை வெள்ளை வட்டமாக விட்டுவிட்டுப் போகும். புதிதாக விழுந்த கறையை, வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, நிழலில் ஓரிரு நிமிடம் ஒற்றி எடுத்து உடனே அலசினால் எடுத்துவிடலாம். வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் கிளியர் கோட்டையே அரித்துவிடும், பிறகு பாலிஷ்தான்.

நான் செய்வது: போர் தண்ணீரில் தூசி போக அலசுவேன், நல்ல கார் ஷாம்பு போட்டுக் கழுவுவேன், கடைசி அலசலுக்கு மட்டும் ஏசியில் சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் அரை வாளி சுலபமாகச் சேரும். ஒரு துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். சிலர் ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கழுவுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கழுவுவது சூரியன் ஏறுவதற்கு முன்னால், பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது. ஷாம்புவுக்கு ஒரு வாளி, கழுவப் போடும் கையுறையை அலச இன்னொரு வாளி. கடைசியில் பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

பறவை எச்சத்தை மட்டும் வார விடுமுறை வரை தள்ளிப்போடாதீர்கள். வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி, ஆறும்போது எச்சத்தின் கீழே அதே வடிவத்தில் இறுகிவிடும். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சின்னத் துணியும் வைத்திருங்கள். நனைத்து ஊறவைத்து, தூக்கி எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் உள்ளே இருக்கும் மணலும் விதையும் கோடு போட்டுவிடும்.

சரி, இப்போது கோட்டிங். கார்னாபா என்ற தாவர மெழுகு போட்ட அன்று கறுப்பு ஜொலிக்கும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் தாங்கும். செயற்கை சீலன்ட் சில மாதம் வரும், கையால் நாமே பூசலாம், செலவும் குறைவு. செராமிக் வருடக்கணக்கில் நிற்கும், அழுக்கு அவ்வளவாக ஒட்டாது, கழுவுவது எளிது. ஆனால் கடையில் சொல்லும் '9எச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் அடித்தால் அது காப்பாற்றாது. உப்புக் கறையும் அதன் மேல் விழும். போடுவதென்றால் ஏசி போட்ட மூடிய அறையில் செய்கிறார்களா என்று பார்த்துக் கொடுங்கள். புழுக்கமான திறந்த ஷெட்டில் பூசினால் துடைத்துச் சமன் செய்வதற்குள் இறுகித் திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

ஈசிஆரில் அடிக்கடி போகிறவர் என்றால், பணம் இருந்தால் முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம்) ஒட்டுங்கள். கல் பட்டுத் தகரம் வெளியே தெரிந்தால் கடல் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும், உடனே அந்த இடத்தில் மட்டும் டச்சப் பெயின்ட் வைத்துவிடுங்கள்.

கவர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தினமும் எடுக்காத காருக்கு, கழுவிக் காய்ந்த பிறகு, காற்று புகும் துணிக் கவர் போடலாம். தூசி படிந்த காரின் மேல் போட்டால் காற்றில் ஆடி ஆடிக் கவரே உப்புத்தாளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் நின்று பெயின்ட்டில் வெளிர்த் திட்டு விழும். அந்த இரண்டு மாதமும் மூடாமல் நனையட்டும், மழை விட்டதும் ஏசி தண்ணீரில் ஒரு அலசு அலசி ஒற்றி எடுத்துவிடுங்கள்.