ஏட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்

கேள்வி: ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த ஒரு தொகையைப் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் வேலைக்குக் கொடுக்க நினைக்கிறேன். நூலகத்துக்கு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தால் நிலைத்து நிற்கும், ஆய்வாளருக்குக் கொடுத்தால் கரைந்துபோகும் என்கிறார் என் தம்பி. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் நல்கைக் குழுவில் இருப்பவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஸ்கேனர் வேண்டும்தான். ஆனால் எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் கருவிக்குப் பணம் கேட்பவை சுலபமாகத் தேறிவிடுகின்றன. ஆளுக்குச் சம்பளம் கேட்பவைதான் தேங்கிக் கிடக்கின்றன. கருவி என்றால் ஆண்டறிக்கையில் படம் போடலாம். ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்ததை எப்படிப் படம் பிடிப்பது?

ஒரு தமிழ் ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுவடிகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது; எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். ரகரமும் காலும் ஒன்றுபோலவே நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுளையும் அடி பிரிக்காமல் ஓட்டி எழுதியிருப்பார்கள். இங்கே இருப்பது 'கெடு'வா 'கேடு'வா என்பதை யாப்பையும் பொருளையும் வைத்து ஒருவர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு துல்லியமாகப் படம் எடுத்தாலும் அந்தத் தீர்மானம் படத்தில் வராது. அந்தத் தேர்ச்சி வர ஆண்டுகள் பிடிக்கும். அது வந்தவர் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த ஆளை உருவாக்க யாரும் மிஞ்சுவதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

1933 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த வார்பர்க் நூலகம் என்ற பண்பாட்டு வரலாற்று ஆய்வு நூலகம், நாஜி ஆட்சிக்குத் தப்பி, இரண்டு சிறிய கப்பல்களில் லண்டன் வந்து சேர்ந்தது. சுமார் 60,000 நூல்கள். அவற்றோடு ஃப்ரிட்ஸ் சாக்ஸ்ல், கெர்ட்ரூட் பிங் போன்ற அறிஞர்களும் வந்தார்கள். வார்பர்க் குடும்பமும் தொழிலதிபர் சாமுவேல் கோர்ட்டால்டும் கொடுத்த பணத்தில் நூலகமும் ஆய்வும் சேர்ந்தே தொடர்ந்தன. நூல்களை மட்டும் ஏற்றி அனுப்பியிருந்தால் அது ஒரு கிடங்காகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: சரி, ஆய்வாளருக்கே கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சொன்ன வேலைக்குத்தான் செலவழிக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடுமையான நிபந்தனைகள் போடலாமா?

பதில்: கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் கையைக் கட்டிப்போடாதீர்கள். மாலி நாட்டின் திம்புக்துவில் சுவடிகளைக் காத்துவந்த அப்தெல் காதர் ஹைதாரா, ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலம் படிக்க ஃபோர்டு அறக்கட்டளையிடம் 12,000 டாலர் நல்கை பெற்றிருந்தார். 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்ததும், அந்தப் பணத்தைச் சுவடிகளைக் காப்பாற்றச் செலவழிக்கலாமா என்று கேட்டார். அனுமதி உடனே கிடைத்தது. டிரங்குப் பெட்டிகள் வாங்கினார். அப்புறம் வேறு நிறுவனங்களும் உதவ, லட்சக்கணக்கான சுவடிகள் சாலை வழியாகவும் ஆற்று வழியாகவும் ரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்குப் போய்ச் சேர்ந்தன. படிவத்தில் எழுதியபடிதான் செலவழிக்க வேண்டும் என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால்?

நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஆண்டுக்கு ஒருமுறை, படித்த ஏடுகளின் பட்டியல், பெயர்த்து எழுதிய பக்கங்கள், எங்கே தடுமாறினார் என்ற குறிப்பு. பளபளப்பான அறிக்கையை விட அந்தத் தடுமாற்றக் குறிப்பை நான் நம்புவேன். உண்மையாக வேலை செய்கிறவருக்குத்தான் சந்தேகம் வரும்.

கேள்வி: பெரிய தொகை கொடுக்க என்னால் முடியாது. சிறு தொகையால் பயன் உண்டா?

பதில்: உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவரும் முன்பே, பிரதி வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். பெரிய மனிதர்கள் சிலர் கை கொடுத்தது உண்மை. ஆனால் ஒரு பிரதிக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் அந்தப் பதிப்பைத் தாங்கினார்கள்.

இன்றும் சிறிய செலவுகளில்தான் வேலை நின்றுபோகிறது. இன்னொரு நூலகத்தில் இருக்கும் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயணச் செலவு, பெயர்த்து எழுதியதைத் தட்டச்சு செய்யக் கூலி, மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஊதியம். இவற்றை எந்தப் பெரிய அறக்கட்டளையிடமும் தனியாகக் கேட்க முடியாது. நீங்கள் அறிந்த ஆய்வாளர் ஒருவரிடம், "இப்போது உங்கள் வேலை எதனால் நிற்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த ஒரு செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.