22 வாரம் 3 நாள் என்றால் எத்தனை மாதம்?

சகோதரி, உங்கள் கர்ப்பம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 22 வாரம் 3 நாள், போன் ஆப்பில் ஐந்து மாதம், மாமியார் வாயில் ஆறாம் மாதம், நீங்கள் 4ஆல் வகுத்தால் ஐந்தரைக்கு மேல் என்று குழம்பியிருக்கிறீர்கள். தப்பு உங்கள் 4இல்தான். பிப்ரவரியை விட்டால் எந்த மாதமும் சரியாக நாலு வாரம் கிடையாது.

நாளாக மாற்றுங்கள்: 22ஐ 7ஆல் பெருக்கினால் 154, கூட 3, மொத்தம் 157. மாதத்துக்குச் சராசரி 30.4 நாள். ஐந்து மாதத்துக்கு 152 போக மீதி 5 நாள். ஐந்து முடிந்து ஆறாவது நடக்கிறது. ஆப்பும் சரி, மாமியாரும் சரி!

கர்ப்பத்தின் முழுக்கணக்கு 40 வாரம், அதாவது 280 நாள். நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்து 28ஆல் வகுத்தால் பத்து. ‘பத்து மாதம் சுமந்தேன்’ என்பதும் பொய்யில்லை. டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரமாக எண்ணுவதால், அவர்களிடம் மட்டும் வாரத்திலேயே சொல்லுங்கள்.