லைசென்ஸ் வேண்டாம் என்றாராம் மச்சான்: ஏர் கன் கேள்வி-பதில்

ஐரோப்பாவில் ஏர் கன் வாங்குவது பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுக்க அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஏன் என்று படித்தால் புரியும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் தன் .22 ஏர் ரைஃபிளைப் பாதி விலைக்குத் தருகிறார். அங்கே லைசென்ஸே இல்லாமல் கடையில் வாங்கியதுதான். அடுத்த முறை காரில் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா? (டோர்ட்மண்ட்)

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்ட், அதாவது சுமார் 16.3 ஜூல் (இரண்டும் பெல்லட், அதாவது ஏர் கன் குண்டு, வெளியேறும் சக்தியின் அளவுகள்). அதற்குள் இருந்தால் 18 வயதான யாரும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். ஜெர்மனியில் வரம்பு 7.5 ஜூல். அது மட்டும் போதாது, ஐங்கோணத்துக்குள் F என்ற முத்திரை துப்பாக்கியிலேயே பொறித்திருக்க வேண்டும். டோவரில் கப்பல் ஏறும்வரை உங்கள் மச்சான் கையில் இருப்பது சட்டப்படியான பொருள். டோர்ட்மண்டில் உங்கள் கைக்கு வரும்போது அதற்கு ஆயுத உடைமை அட்டை வேண்டும். அட்டை இல்லையென்றால் குற்றவழக்கு. ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் குறைத்துவிட்டால் என்ன என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். வேகம் குறையும், F எங்கிருந்து வரும்? 1970-க்கு முன் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பழைய ஏர் கன்களுக்கு F இல்லாமலும் விலக்கு உண்டு. மச்சானுடையது அந்த ரகமில்லை.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டிய கடைக்காரர் வீட்டுக்கு பார்சல் அனுப்ப மறுக்கிறார். என் ஊர்க்காரக் கடை ஒன்றுக்குத்தான் அனுப்புவாராம், அங்கே போய் நேரில் வாங்க வேண்டுமாம். ஏமாற்றுகிறாரா? (ஹாரோ)

பதில்: இல்லை. பிரிட்டனில் 2006-இல் வந்த சட்டப்படி, வியாபாரி ஏர் கன்னை வாங்குபவர் கையில் நேருக்கு நேர்தான் கொடுக்க வேண்டும். தொலைவில் இருந்தால் பதிவு பெற்ற இன்னொரு வியாபாரி மூலம் கொடுப்பார். கதவருகே பார்சலை வைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்தின் கார்லைலில் உள்ள ஒரு கடையின் இணையதளத்தில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டினேன். எடுக்கப் போனபோது என் முகவரியைப் பார்த்துவிட்டுத் தரமுடியாது என்றார்கள். முன்பணமும் திரும்பாதாம். (கிளாஸ்கோ)

பதில்: உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். தர மறுத்ததில் அவர் பக்கம் சரி. 2016 டிசம்பர் 31 முதல் நீங்கள் இருக்கும் ஸ்காட்லாந்தில் 1 ஜூலுக்கு மேற்பட்ட ஏர் கன் வாங்கவும் வைத்திருக்கவும் போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும். ஆனால் எல்லையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் கடை வைத்துக்கொண்டு, "இங்கிலாந்து, வேல்ஸ் வாசிகளுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்க்காதது அவர் தப்பு. அதற்கு நீங்கள் ஏன் பணம் இழக்க வேண்டும்?

இணையத்தில் செய்த ஒப்பந்தம் என்றால், பொருள் கைக்கு வந்து 14 நாள்வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். உங்களுக்குப் பொருள் வரவே இல்லை. எழுத்தில் ரத்து செய்யுங்கள். கடைக்காரர் அசையாவிட்டால் கார்டு கம்பெனிக்கு எழுதி, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால், முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. அந்த இணையப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: பெட்டியில் "நொடிக்கு 1000 அடி" என்று போட்டிருக்கிறது. இது சட்டத்துக்குள் வருமா? (லியோன்)

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த எண்ணை வைத்து எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் பார்ப்பது சக்தியை, அதாவது ஜூல் கணக்கை. பெட்டி சொல்வது வேகத்தை. நடுவில் இருக்கும் பெல்லட்டின் எடையைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள்.

கணக்கு சுலபம். பெல்லட்டின் எடையை கிராமில் எடுங்கள், மீட்டர் கணக்கில் வேகத்தால் இரண்டு முறை பெருக்குங்கள், 2000-ஆல் வகுங்கள். நொடிக்கு 1000 அடி என்பது சுமார் 305 மீட்டர். பெட்டிக்காரர்கள் பெரும்பாலும் இதை 0.34 கிராம் அளவிலான, ஈயம் கலக்காத இலேசான பெல்லட்டை வைத்து அளக்கிறார்கள். அப்போது வருவது ஏறக்குறைய 15.8 ஜூல். அதே வேகத்தில் 0.54 கிராம் சாதாரண ஈயப் பெல்லட் போனால் 25 ஜூல். பிரான்சில் 20 ஜூலுக்குக் கீழே D வகை, வயது வந்தவர் சும்மா வாங்கலாம். 20-ஐத் தொட்டால் C வகை, அரசிடம் அறிவிக்க வேண்டும். பெட்டியில் இருப்பதோ ஒரே எண்.

இதில் இன்னொரு கூத்து, ஒரே மாடல் நாட்டுக்கு நாடு வேறு வேறு சக்தியில் வரும். வைராவ் எச்.டபிள்யூ. 97 ஜெர்மனிக்கு 7.5 ஜூலில் F முத்திரையோடு வரும், இங்கிலாந்துக்கு 16 ஜூலில் வரும். படம் ஒன்று, பெயர் ஒன்று. இணையக் கடைகள் இரண்டுக்கும் ஒரே விளக்கத்தை ஒட்டிவிட்டு "ஃபுல் பவர்" என்று தலைப்புப் போடுகின்றன. எந்த நாட்டுக் கணக்கில் ஃபுல்? இத்தாலியிலும் ஹங்கேரியிலும் 7.5, போலந்தில் 17, ஸ்பெயினில் 24.2. சுவீடனில் 10 ஜூல், அதுவும் நான்கு மீட்டர் தள்ளி அளந்து. ஆஸ்திரியா ஜூலைப் பார்ப்பதே இல்லை, குழாய் விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. இத்தனை வரம்புகளுக்கு நடுவே விற்கும் பொருளில் ஜூலை அச்சிட மாட்டேன் என்பவரை என்ன சொல்வது?

பெரிய எண்ணில் மயங்கி நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். கூடவே "இலவச" ஸ்கோப். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னுக்கு உதைத்த கையோடு முன்னுக்கும் உதைக்கும். அதைத் தாங்கும்படி செய்யாத ஸ்கோப் சீக்கிரமே உள்ளுக்குள் கழன்றுவிடும். கழன்றது. பிறகு என்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கியவரும் அந்த ஸ்கோப்பை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: கடைக்காரரிடம் ஜூலை எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐரோப்பியத் துப்பாக்கிப் பாஸ் எடுத்தால் ஏர் கன்னை எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகலாமா? (பாரிஸ்)

பதில்: முடியாது. அந்தப் பாஸ் வெடிமருந்தால் சுடும் துப்பாக்கிகளுக்கானது. 2021/555 என்ற ஒன்றிய ஆணையின் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கி வராது. அதனால்தான் ஆளுக்கொரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பழைய ரைஃபிள் வாங்கினேன். F முத்திரை இருக்கிறது. துப்பாக்கிக் கழகத்தில் பெல்லட்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வைத்துப் பார்த்தால் 14 ஜூல். விற்றவரிடம் கேட்டால், "தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்தேனே" என்று சிரிக்கிறார். (கொலோன்)

பதில்: அவர் உங்களிடம் விற்றது ஒரு வழக்கை. F முத்திரையுள்ள ரைஃபிளில் யாரோ வலுவான ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். முத்திரை இருந்தாலும் 7.5-ஐத் தாண்டிவிட்டது, அட்டை இல்லாமல் நீங்கள் வைத்திருக்கக் கூடாது. முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அவர் வழியாக ஆயுத அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகாதீர்கள், நீங்களே பிரித்துச் சரிசெய்யவும் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பு நிலைக்காது. குறையைத் தெரிந்தே மறைத்திருந்தால் "உத்தரவாதம் இல்லை" என்ற வரி செல்லாது என்று ஜெர்மன் சிவில் சட்டத்தின் 444-ஆம் பிரிவு சொல்கிறது. ஏமாற்றி விற்றதை, தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. விளம்பரம், அவரோடு பேசிய செய்திகள், வேகமானி அளவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஸ்பிரிங் மாற்றியது அவருக்குத் தெரியும் என்று காட்டுவதுதான் கடினம். அவர் எழுதிய ஒரு வரி கிடைத்தால்கூட உதவும்.

கேள்வி: ஜெர்மனியில் நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் CO₂ பிஸ்டல் வாங்கி, ரயிலில் பையில் போட்டு வந்துவிட்டேன். F இருக்கிறது. நெதர்லாந்தில் ஏர் கன்னுக்கு வரம்பே இல்லையாமே? (ராட்டர்டாம்)

பதில்: சக்திக்குத்தான் வரம்பில்லை. நிஜத் துப்பாக்கியோடு குழப்பிக்கொள்ளும்படி இருந்தால் அங்கே வைத்திருப்பதே தடை. வெளியில் எடுத்துச் செல்வதும் தனியாகத் தடை. வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வாங்கி, எல்லை தாண்டி, அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கு எழுதிய கையோடு ஒரு வக்கீலுக்கும் எழுதியிருக்கலாம்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. பிறந்தநாளுக்கு ஏர் ரைஃபிள் பரிசாகக் கொடுக்கலாமா? (லண்டன்)

பதில்: கூடாது, 18-க்குக் கீழே பரிசாகக் கொடுப்பதும் குற்றம். நீங்கள் வாங்கி, அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கலாம். 14 வயதானதால் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு அவன் சுடலாம். பெல்லட் வேலி தாண்டக் கூடாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்களேன்.

கேள்வி: அலிகாண்டேயில் கடைக்காரர் நகராட்சி அட்டை கேட்கிறார். கமிஷன் அடிக்கப் பார்க்கிறாரா? (விடுமுறையில் ஒரு வாசகர்)

பதில்: இல்லை. ஸ்பெயினில் ஏர் கன் அட்டையை நகராட்சிதான் தரும். அது அந்த நகராட்சி எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். பக்கத்து ஊரில் கூடச் செல்லாத அட்டையை வைத்து வாங்கியதை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தீர்களா?

கேள்வி: பெல்ஃபாஸ்டில் தேவையில்லை, டப்ளினில்தான் லைசென்ஸ் என்கிறான் நண்பன். (டப்ளின்)

பதில்: இரண்டு இடத்திலும் வேண்டும், 1 ஜூலைத் தாண்டினால். அயர்லாந்தில் கார்டா என்ற அந்நாட்டுப் போலீஸ் தர வேண்டும், வட அயர்லாந்தில் அங்குள்ள போலீஸ். இங்கிலாந்து விதியை நண்பர் பெல்ஃபாஸ்டுக்கும் சேர்த்துப் படித்திருக்கிறார்.