க்ரீஸ் மந்திரம் தீப்பிடிக்குமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டை ஆடுகிறோம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறோம். டன்ஜன் மாஸ்டராக ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்வது நான். சென்ற வாரம் ஒரு பாலத்தில் காப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் ஆறு வழிமறித்தன. மந்திரவாதியாக ஆடும் நண்பர், தரையில் வழுக்கும் மசகைப் பரப்பும் ‘க்ரீஸ்’ மந்திரத்தைப் போட, நான்கு காப்ளின்கள் வழுக்கி விழுந்தன. அடுத்து அவர் முறை வந்ததும், தீப்பந்தத்தை அந்த மசகின் மேல் எறிவதாகச் சொன்னார். எரியாது என்றேன். “எரியாது என்று எங்கே எழுதியிருக்கிறது? இந்த மந்திரத்துக்கு வேண்டிய பொருளே வெண்ணெய்தானே?” என்று கேட்டார். முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஆட்டம் அப்படியே நின்றுபோனது. இனி வரமாட்டேன் என்கிறார். யார் சொன்னது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் விதியைப் பார்ப்போம்.

க்ரீஸ் முதல் நிலை மந்திரம். அது செய்வதாக விதி சொல்வது இவ்வளவுதான்: பத்தடிச் சதுரத் தரையில் வழுக்கும் மசகு படர்கிறது, அந்த இடம் கடக்கக் கடினமாகிறது, மசகு தோன்றும்போது அங்கே நிற்பவர்களும், பிறகு உள்ளே நுழைபவர்களும், தங்கள் முறையை அங்கே முடிப்பவர்களும் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ என்ற, சுறுசுறுப்பைச் சோதிக்கும் பகடை உருட்டலில் தோற்றால் விழுகிறார்கள். ஒரு நிமிடம் இருக்கும். நெருப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உங்கள் நண்பர் இந்த மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டார். எந்த மந்திரமும் தான் செய்யாத காரியங்களை எல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லாது. செய்வதைத்தான் சொல்லும்.

இதைச் சொன்னால் மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு மந்திரத்தில் சந்தேகம் வந்தால் நான் அதன் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், அதன் உறவுக்கார மந்திரங்களைப் புரட்டுவேன். ‘வெப்’ மந்திரத்தைப் பாருங்கள். சிலந்தி வலை தீப்பற்றும் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஐந்தடிக் கன அளவு வலை ஒரு சுற்றில் எரிந்துபோகும், அந்த நெருப்பில் தன் முறையைத் தொடங்குபவருக்கு நான்கு பக்கப் பகடை இரண்டு உருட்டிய அளவு சேதம் என்று கணக்கும் தரப்பட்டிருக்கிறது. எரிய வேண்டியதை எழுதியவர்கள் எரியும் என்றே எழுதியிருக்கிறார்கள். அதோடு, வெப் இரண்டாம் நிலை மந்திரம். போட்டவர் கான்சென்ட்ரேஷனை, அதாவது மந்திரத்தின் மேல் வைத்த கவனத்தை, காத்துக்கொண்டே இருக்க வேண்டும். க்ரீஸுக்கு அது வேண்டாம். முதல் நிலை மந்திரம் ஒன்று வழுக்கி விழவும் வைத்து, எரித்தும் விட்டால் வெப்பை யார் எடுப்பார்கள்?

வெண்ணெய் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. புத்தகத்தைக் கவனித்துப் படித்த ஒருவர்தான் அதைச் சொல்ல முடியும். பன்றித்தோல் துண்டு அல்லது வெண்ணெய் என்றுதான் அங்கே இருக்கிறது. ஆனால் ‘ஃபயர்பால்’ மந்திரத்துக்கு வேண்டிய பொருள் வௌவால் எச்சமும் கந்தகமும். ஃபயர்பால் வெடித்த இருபதடி ஆரத்தில் வௌவால் எச்சம் பரவிக் கிடப்பதாக எந்த மேசையிலும் யாரும் சொல்வதில்லை. பொருள் என்பது மந்திரத்தைத் தொடங்கும் சாவி. விளைவு என்ன என்பதை விளக்கப் பகுதி சொல்கிறது.

2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் க்ரீஸின் விளக்கம் ‘எரியாத மசகு’ என்ற பொருள்படவே தொடங்குகிறது. உங்கள் மேசையில் எழுந்த சண்டை பல மேசைகளில் எழுந்திருக்க வேண்டும். நீங்கள் 2014 விதிகளில் ஆடுவதால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்று நண்பர் சொல்லலாம். எழுதியவர்களின் எண்ணம் எந்தப் பக்கம் என்பதற்கு எனக்கு அது போதும்.

இப்போது அந்த முக்கால் மணி நேரம்.

அவர் வெறும் ஆட்டக்காரர், ஆனால் அவர் ஆடும் பாத்திரம் மந்திரவாதி. அந்த மந்திரவாதி இந்த மந்திரத்தைத் தன் கையால் மந்திரப் புத்தகத்தில் எழுதி, படித்து, தயார் செய்துகொண்டு வந்தவர். தன் மசகு எரியுமா எரியாதா என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரியாதது மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உங்கள் நண்பருக்கு. எரியும் என்று நம்பித்தான் அவர் ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது இத்தனை மந்திரம்தான் போடலாம் என்ற கணக்கில் ஒன்றை, செலவழித்தார். ஆகவே “எரியாது” என்பதோடு நீங்கள் நிறுத்தியிருக்கக் கூடாது. “உன் மந்திரவாதிக்கு இது தெரிந்திருக்கும். க்ரீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்கிறாயா, அல்லது அவை விழுந்து கிடப்பதே போதுமா?” என்று கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ஸ்லாட் போய்விட்டது, முறை வீணாகிறது, எல்லோர் முன்னாலும் தோற்றதாகவும் ஆகிவிட்டது. மூன்றும் சேர்ந்தால் யாருக்குமே கோபம் வரும்.

ஆட்டத்தின் நடுவே தீர்ப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். “இன்றைக்கு இப்படி வைத்துக்கொள்வோம், ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து படிப்போம்” என்று சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் கொடுங்கள். பிறகு படித்து முடிவு மாறினால் மாற்றுங்கள். முடிவு எதுவானாலும் அது காப்ளின்களுக்கும் பொருந்தும் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். தன் பாத்திரம் நிற்கும் தரையை எதிரி மந்திரவாதி இப்படிக் கொளுத்தினால் ஒப்புக்கொள்வாரா என்று நண்பரைக் கேட்டுப் பாருங்கள். அவரே தன் வாதத்தை வேறு கோணத்தில் பார்ப்பார்.

தாராளமாக இருந்துவிட்டாலும் ஆபத்து உண்டு. நான் ஆட்டம் நடத்தத் தொடங்கிய காலத்தில், திறந்த பாத்திரத்தில் பத்து கேலன் தண்ணீர் வரவழைக்கும் முதல் நிலை மந்திரத்தை ஒருவர் எதிரியின் நுரையீரலுக்குள் போட அனுமதித்தேன். மேசையே ஆரவாரித்தது. அடுத்த மூன்று வாரமும் அவர் வேறு எதையும் போடவில்லை. வாள் வைத்திருந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நுரையீரலைப் பாத்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற சாதாரண அறிவை அன்று நான் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

உங்கள் நண்பர் கேட்டது அந்த மாதிரி இல்லை. விழுந்து கிடப்பவர்கள் மேல் நெருப்பு வைப்பது நல்ல போர்த் தந்திரம், அதற்கு விதிப்புத்தகத்திலேயே இடமும் இருக்கிறது. உபகரணப் பட்டியலில் எண்ணெய்க் குப்பி என்று ஒன்று உண்டு. விலை ஒரு வெள்ளிக்காசு. சமதரையில் ஊற்றினால் ஐந்தடிச் சதுரத்தை நனைக்கும், கொளுத்தினால் இரண்டு சுற்று எரியும், உள்ளே நுழைபவருக்கும் தன் முறையை அங்கே முடிப்பவருக்கும் ஐந்து புள்ளி சேதம். க்ரீஸ் படரும் பத்தடிச் சதுரத்துக்கு நான்கு குப்பிகள் வேண்டும். கணக்கைப் பாருங்கள். அவர் அந்த நான்கு குப்பிகளையும் இலவசமாகக் கேட்டிருக்கிறார்.

அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். விதியைப் பற்றி முதலில் பேச வேண்டாம். ஸ்லாட்டைத் திருப்பித் தராமல் விட்டது உங்கள் தவறு என்று சொல்லுங்கள். பாலத்தில் நான்கு காப்ளின்கள் இன்னும் விழுந்துதான் கிடக்கின்றன, தீப்பந்தமும் அவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தை அந்த நொடியிலிருந்தே தொடங்கி, மற்ற மூவரில் யாருடைய மூட்டையிலாவது எண்ணெய்க் குப்பி இருக்கிறதா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.