டார்க் மோடா, லைட் மோடா: கண்ணுக்கும் பேட்டரிக்கும் எது நல்லது?

நாள் முழுவதும் டார்க் மோடிலேயே, அதாவது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவே, படிப்பது கண்ணுக்கும் பேட்டரிக்கும் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சமான அறையில் நீண்ட கட்டுரைகளைப் படிப்பவருக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. திரை இருண்டிருக்கும்போது கண்ணின் பாவை விரிகிறது. பாவை விரிய விரிய, கண்ணில் உள்ள சிறு ஒளிவிலகல் குறைகளும் பார்வையைப் பாதிக்கத் தொடங்குவதால் எழுத்தின் விளிம்பு கலங்குகிறது. சிதறல் பார்வை (விழியின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி படர்ந்தாற்போலவும் தோன்றும். தமிழில் இது கூடுதல் தொல்லை: எழுத்தளவு சிறிதாக இருந்தால் 'ண', 'ன' இரண்டின் சுழிகளும் ஒன்றுபோலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளியோ கீழுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

விளக்கணைத்த அறையில் வெள்ளைத் திரை கூசும். அங்கே டார்க் மோட் இதமானது, எழுத்து சற்றே சாம்பல் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரி சேமிப்பு திரையின் வகையைப் பொறுத்தது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் முழுக் கறுப்புப் பகுதி அணைந்தே இருக்கும். எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓஎல்இடி கைப்பேசிகளை ஆராய்ந்தபோது, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து டார்க் மோடுக்கு மாறியதில் சராசரியாக 39 முதல் 47 சதவீத மின்சாரம் மிச்சமானது. பலரும் வழக்கமாக வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான்.