வாடகைக்கு விட ஒரு ஃபிளாட், அப்புறம் சொந்த வீடு: சரிப்படுமா?

கேள்வி: வேளச்சேரியில் 18,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறேன். இங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாது. கூடுவாஞ்சேரியில் 45 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன? 'வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும்' என்கிறார் புரோக்கர். பின்னால் நான் குடியிருக்க வீடு வாங்கும்போது கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. இரண்டாவது வீடு என்பதற்காக யாரும் கதவை அடைப்பதில்லை. ஏற்கெனவே ஓடும் இ.எம்.ஐ.யைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் சம்பளத்துக்குத்தான் வங்கி கடன் போடும். சிக்கல் அங்கேதான்.

புரோக்கர் கணக்குக்கு வருவோம். 36 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 31,000 சொச்சம். வாடகை 12,000 வந்தால்கூட 19,000 உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் வீட்டு வாடகை, மெயின்டனன்ஸ், ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி. வரியில் மிச்சமாகும் என்பார். அது பழைய வரிமுறைக் கதை. புதிய முறையில், வாடகையைவிடக் கடன் வட்டி கூடுவதால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) விலக்கும் கிடையாது.

'இரண்டு வருடம் உறுதி வாடகை' என்று பில்டர் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். பெரும்பாலும் அந்த வாடகையை ஃபிளாட் விலையிலேயே ஏற்றியிருப்பார்கள். உங்கள் பணத்தையே உங்களுக்குத் தவணையில் தருவார்கள். மூன்றாம் வருடம்தான் உண்மையான வாடகை தெரியும்.

'11 மாத அக்ரிமெண்ட் போதும், பதிவெல்லாம் வேண்டாம்' என்பது அடுத்த வசனம். 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சட்டம் போட்டவர்கள் ஊருக்கு எடுத்துச் சொல்லவில்லை. புரோக்கர்களுக்கு அது வசதியாகிவிட்டது. அடுத்த கடனுக்கு வாடகை வருமானத்தைக் காட்டும்போது இந்தக் காகிதம் வேண்டும். வாடகையையும் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.

முதல் வீடா என்ற கேள்வி உண்மையிலேயே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-வில், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்தால், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு அதிகபட்சம் 1.80 லட்சம் வட்டி மானியம் உண்டு. ஆனால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. வாடகைக்கு விட்டிருந்தாலும் வீடு வீடுதான். மனைவி பெயரில் வாங்கித் தப்பிக்கவும் முடியாது. உங்கள் வருமானத்தை நீங்கள் எழுதவில்லை. 9 லட்சத்துக்குள் என்றால் அந்த மானியத்தை மறந்துவிட்டுத்தான் இந்த ஃபிளாட்டை வாங்க வேண்டும்.

மாதம் 19,000 போனபிறகும் அடுத்த வீட்டின் முன்பணத்துக்குச் சேமிக்க முடிந்தால் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வளாகத்துக்குப் போய், எத்தனை வீடு காலி, வாடகை என்ன போகிறது என்று செக்யூரிட்டியிடம் விசாரியுங்கள். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.