பண்ணைச் சுற்றுலா என்றால் என்ன? கிராமத்துக்கு அதனால் என்ன லாபம்?

விவசாயி தன் வீட்டையும் நிலத்தையும் வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டு, தங்க இடமும் தன் தோட்டத்தில் விளைந்ததில் சாப்பாடும் கொடுத்துக் காசு வாங்குவதுதான் பண்ணைச் சுற்றுலா.

சரி, இது ஏன் வந்தது? இத்தாலியைப் பார்த்தால் புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமத்து ஆட்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்நாட்டின் டஸ்கனி பகுதியில் கல்லால் கட்டிய பண்ணை வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. 1985-இல் இத்தாலி அரசு பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே சட்டம் போட்டது. விருந்தினரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2006-இல் வந்த புதுச் சட்டமும் இந்த நிபந்தனையை விடவில்லை.

பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால் ஒரு விலை. அதே பாலில் டீ போட்டு வாசலில் விற்றால் வேறு விலை, இல்லையா? இத்தாலியப் பண்ணைகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அப்படித்தான். வாங்குபவரே வீடு தேடி வருகிறார், நடுவில் தரகர் இல்லை. என் கணக்கில் அறை வாடகையைவிட இதுதான் பெரிய விஷயம். அப்புறம், விளைச்சல் பொய்த்த வருடத்தில் வாடகை கைகொடுக்கும்.

வயலுக்கு நடுவே கட்டிய ரிசார்ட்டையும் பலர் பண்ணைச் சுற்றுலா என்கிறார்கள். அங்கே பயிர் செய்பவர் யாரும் இல்லையென்றால் அது வெறும் ஹோட்டல்தான்.